ஸர் ஆல்பிரட் சாட்டர்டன்

ஒரு நாட்டின் செல்வம் அதன் நிலத்திலும் நீரிலும் மட்டும் அடங்கியதன்று. அவற்றைப் பயன்படுத்தும் மக்களின் அறிவிலும் கைத்திறனிலும் அடங்கியதாகும். செங்கற்பட்டு ஜில்லா ஏரிகள் மலிந்த நாடு. வேடந்தாங்கல் ஏரியிலே பறவைகள் வந்து தங்க, அவற்றின் எச்சம் கலந்த நீர் பாயும் வயல்கள் செழித்தலால், அவ்வூரார் அப்பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். ஆயினும் ஏரிப்பாய்ச்சல் எட்டாத நிலங்களும், மழை தவறி ஏரி வற்றும் காலங்களும் உண்டல்லவா? அப்பொழுது குடியானவன் கிணற்றையே நம்பி, மாடுகளைப் பூட்டிக் கவலை இறைத்துத் தன் பயிரைக் காப்பது முன்னாள் வழக்கம். அக்கவலையின் தோலையும், அதனை இழுக்கும் மாட்டின் உழைப்பையும் ஆராய்ச்சிக்குரிய பொருள்களாகக் கொண்ட பொறியியல் ஆசிரியர் ஒருவர் சென்னையில் இருந்தார். அவரே ஸர் ஆல்பிரட் சாட்டர்டன் ஆவார்.

இவர் 1866-ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்தார். லண்டன் மாநகரிலுள்ள தொழிற்கலாசாலைகளிற் பயின்று, 1888-ஆம் ஆண்டில் சென்னைப் பொறியியற் கலாசாலைக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார். அக்கலாசாலை அக்காலத்திற் சேப்பாக்கத்தில் இருந்தது. கிண்டிக்குச் சென்றது பின்னரே. அங்கே பயின்றவர்களிற் பெரும்பாலோர் சர்க்கார் மராமத்து இலாகாவில் உத்தியோகம் பெறுவதையே நோக்கமாகக் கொண்டிருந்தனர். பாலம் கட்டவும் சாலை போடவும் கற்பித்த கல்வி, ஊரிலுள்ள கன்னானுக்கும் சக்கிலியனுக்கும் நெசவாளனுக்கும் எவ்விதப் பயனும் தரவில்லை என்பதைச் சாட்டர்டன் கண்டார். கண்டதோடு நில்லாமல், அதற்கு மாற்றுத் தேடவும் முற்பட்டார்.

அதற்கேற்ற வாய்ப்பு விரைவில் வாய்த்தது. 1850-இல் டாக்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைச் சித்திரத் தொழிற்சாலையின் மேற்பார்வை, அந்நூற்றாண்டின் இறுதியில் இவர் கைக்கு வந்தது. அக்காலத்தில் அலுமினியம் என்னும் உலோகம் மின்சாரத்தாற் பிரித்தெடுக்கப்பட்டு, முன்னிலும் பன்மடங்கு மலிவாகி இருந்தது. அது இலேசானது, பித்தளையைப்போல் ஈயம் பூச வேண்டுவதில்லை. பித்தளைப் பாத்திரம் அடித்துப் பழகிய கைகளுக்கு இப்புதிய உலோகத்தைப் பழக்கினால் என்னவென்று இவர் எண்ணினார். 1898-இல் அவ்வேலை தொடங்கிற்று. உள்ளூர்க் கன்னார் அதனைக் கற்றுத் தேர்ந்தனர், பாத்திரங்கள் விலைபோயின. தொழில் இலாபத்தில் நடக்குமென்பது நிலைபெற்றபின், 1903-இல் அது இந்தியன் அலுமினியம் கம்பெனியாருக்கு விற்கப்பட்டது. சாலை தொழிலைப் பிறப்பித்தது; ஆளை வைத்துப் பழக்கிற்று; பிறகு தன் கையை எடுத்துக்கொண்டது. சாட்டர்டன் கொண்ட முறை இதுவே.

அவ்வாண்டிலேயே அவர் தோல் பதனிடுதலில் கருத்தைச் செலுத்தினார். நம் நாட்டார் ஆவாரம்பட்டையினால் தோலைப் பதனிட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பிப் பெரும்பொருள் ஈட்டி வந்தனர். அமெரிக்காவில் குரோமிய உப்பினால் சில நாட்களில் தோலைப் பதனிடும் முறை எழுந்ததும், இவ்வியாபாரத்துக்கு இடையூறு நேரலாயிற்று. சாட்டர்டன் அம்முறையைச் சென்னையில் சோதித்துப் பார்த்தார். குரோமியத் தோல் நீரில் நெடுநாள் ஊறினும் எளிதில் அழுகாது. ஆகவே கவலைக்கு அதுவே ஏற்றதென்று கண்டு, குடியானவர்களுக்கு அதனைச் செய்து விற்றார். செருப்பும் பூட்சும் அதனாற் செய்யப்பட்டன. இரசாயன சாஸ்திரம், இவ்வாறு கிணற்றங்கரைக்கே வந்து சேர்ந்தது.

கவலையைத் திருத்தியதோடு அமையாமல், மாட்டுக்குப் பதிலாக எண்ணெய் எஞ்சினை வைத்து நீரிறைப்பதையும் அவர் ஆராய்ந்தார். செங்கற்பட்டு ஜில்லாவில், சிங்கப்பெருமாள்கோயிலுக்கு அடுத்த மெல்ரோசாபுரத்தில் ஸ்காத்லாந்து மிஷனார் நடத்திய பண்ணை, இச்சோதனைக்கு இடந்தந்த இடங்களுள் ஒன்றாகும். எஞ்சினுக்கு எவ்வளவு எண்ணெய் செல்லும், கிணற்றில் எவ்வளவு நீர் ஊறும், எத்தனை ஏக்கருக்குப் பாயும் என்று கணக்கிட்ட பின்னரே அவர் குடியானவனுக்கு ஆலோசனை கூறினார்.

அவர் தொட்டதெல்லாம் துலங்கியதென்று கூறுதல் உண்மையாகாது. 1906-இல் சேலத்தில் நெசவுச்சாலை ஒன்றைத் தொடங்கி, விசைநாடாத் தறிகளை அமைத்தார். நெசவாளர் ஒரே கூரையின்கீழ், மணிக்கணக்குக்கு உட்பட்டு வேலை செய்ய விரும்பவில்லை. வீட்டுத் தறியில் மனைவியும் மக்களும் உடன் உழைப்பர். சாலையிலோ அவர்களுக்கு இடமில்லை. யந்திரத்தை அறிந்தால் மட்டும் போதாது, அதனைக் கையாளும் குடும்பத்தின் வாழ்க்கையையும் அறிதல் வேண்டும் என்னும் பாடத்தை இந்நெசவுச்சாலை நமக்குக் கற்பிக்கின்றது.

1908-இல் உதகமண்டலத்தில் கைத்தொழில் மகாநாடு கூடிற்று. அதன்பின் சென்னை மாகாணத்தில் கைத்தொழில் இலாகா ஏற்பட, சாட்டர்டன் அதன் தலைவரானார். உடனே எதிர்ப்பும் கிளம்பிற்று. மக்களின் வரிப்பணத்தைக் கொண்டு சர்க்காரே வியாபாரம் செய்தால், சொந்த முதலிட்டவர் எங்ஙனம் போட்டியிடுவர் என்று ஐரோப்பிய வர்த்தகர் முறையிட்டனர். இவ்வாட்சேபத்தில் நியாயமே இல்லையென்று தள்ளிவிட இயலாது. ஆனால் புதுத்தொழிலில் முதலிட அஞ்சிய நாட்டில், முதல் நஷ்டத்தைத் தாங்குபவர் யார் என்னும் கேள்விக்கு அவர்கள் விடை கூறவில்லை. 1910-இல் இந்தியா மந்திரி மார்லிப் பிரபு, சர்க்கார் தொழிலைக் கற்பிக்கலாமேயன்றி வியாபாரம் நடத்தலாகாதென்று தீர்ப்பளித்தார். இலாகா கலைந்தது, சேலம் நெசவுச்சாலை மூடப்பட்டது, குரோமியத் தோற்சாலை ரீவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. இந்தியத் தலைவர் பலர் இத்தீர்ப்பைக் கண்டு மனம் வருந்தினர்.

எனினும் விதைத்த விதை வீணாகவில்லை. 1912-இல் சேம்பர்ஸ் என்பார் பல்லாவரத்துக்கு அருகே குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். அத்தொழிற்சாலையின் பெயரே ஊர்ப்பெயராகிக் குரோம்பேட்டை என வழங்குகின்றது. சென்னையிற் கைத்தொழில் இலாகா 1914-இல் மீண்டும் உயிர்பெற்றது. அடுத்த ஆண்டில் தோற்றொழிற் பள்ளி ஒன்றும் ஏற்பட்டது. 1948-இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அந்நிலையமும் சர்வகலாசாலையும் தோல் வியாபாரிகளும் ஒருவரையொருவர் நாடி நிற்கும் வழக்கத்துக்குச் சாட்டர்டன் காட்டிய வழி ஒரு முன்மாதிரியாயிற்று.

இதற்கிடையில் 1912-இல் மைசூர் சமஸ்தானம் சாட்டர்டனைக் கைத்தொழில் தலைவராக அழைத்துக்கொண்டது. திவான் விசுவேசுவரய்யாவின் ஆதரவு அவருக்குக் கிட்டிற்று. 1914-இல் யுத்தம் மூளவே, ஜெர்மனிக்குச் சென்றுகொண்டிருந்த சந்தனக்கட்டை வாங்குவாரின்றித் தேங்கியது. கட்டையை விற்பதைவிட எண்ணெயை வடித்து விற்பதே நலமென்று முடிவாயிற்று. பெங்களூரில் தாதா நிறுவிய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆசிரியர்களான சட்பரோவும் வாட்சனும் வடிக்கும் முறையை ஆய்ந்து தந்தனர். 1916-இல் பெங்களூரிலும், அடுத்த ஆண்டில் மைசூரிலும் எண்ணெய்ச்சாலைகள் எழுந்தன. சர்க்காரின் மூலப்பொருள், கழகத்தின் ஆராய்ச்சி, தொழிலாளியின் பயிற்சி ஆகிய மூன்றும் கூடினால் என்ன விளையும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1916 முதல் 1918 வரை இந்தியக் கைத்தொழில் கமிஷனில் அங்கத்தினராயிருந்து, 1919-இல் ஸர் பட்டம் பெற்ற சாட்டர்டன், 1958-இல் முதுமை எய்தி மறைந்தார்.

இன்று நம் ஜில்லாவில் மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. கலாசாலைகள் தொழிற்சாலைகளோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் செய்தியும் அடிக்கடி நம் செவிக்கு எட்டுகின்றது. கையொப்பமிட்ட தாள் தானாகத் தொழிலாகிவிடாது. பரிசோதனைச் சாலைக்கும் கடைத்தெருவுக்கும் இடையே ஒரு நெடுவழி உண்டு. அவ்வழியில் நஷ்டத்தைத் தாங்குவோரும், கைகளைப் பழக்குவோரும், வேளை வந்தபோது விலகிக்கொள்வோரும் வேண்டும். அலுமினியத்தை அடித்துப் பழகிய கன்னாரின் பெயர்களும், குரோமியத் தொட்டியருகே நின்ற தொழிலாளரின் பெயர்களும் சரித்திர நூல்களில் அரிதாகவே காணப்படுகின்றன. அவர்கள் இல்லாவிடின் சாட்டர்டனுடைய ஆராய்ச்சி ஏட்டளவிலேயே நின்றிருக்கும். கலாசாலையிற் கற்கும் மாணாக்கர், தாம் கற்ற வித்தை யாருடைய கையிற் சென்று பயன்தரப் போகின்றதென்று எண்ணிப் பார்ப்பாராயின், அதுவே இப்பெரியாருக்கு அவர்கள் செய்யும் தக்க கைம்மாறாகும்.