30 வயதில் மாணவர் ஆன கல்லூரி முதல்வர்

1905-ம் ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி. பாரீஸ் நகரில் 30 வயது வாலிபர் ஒருவர் தபால் பெட்டியில் சில கடிதங்களைப் போட்டார். பெற்றோருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் எழுதிய கடிதங்கள் அவை. மறுபடியும் மாணவராகச் சேர்ந்து மருத்துவம் படிக்கப் போவதாகவும், டாக்டர் ஆனதும் ஆப்பிரிக்காவுக்குச் சென்று ஏழைகளுக்கு வைத்தியம் செய்யப் போவதாகவும் அவற்றில் எழுதி இருந்தார்.

கடிதம் கண்டவர்கள் திகைத்துப் போனார்கள். அந்த வாலிபர் வேலை கிடைக்காமல் அலைந்தவர் அல்ல. தத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ வேத சாஸ்திரம் கற்பித்தவர். அங்கிருந்த வேத சாஸ்திரக் கல்லூரியின் முதல்வர். தேவாலயத்தில் பிரசங்கம் செய்யும் போதகர். ஆர்கன் வாசிப்பதிலும் பெயர் பெற்றவர்.

அவர்தான் ஆல்பர்ட் சுவைட்சர். பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அறிஞர்.

போதகரின் மகன்

சுவைட்சர் 1875-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி அல்சேஸ் மாநிலத்தில் கைசர்ஸ்பெர்க் என்ற ஊரில் பிறந்தார். இன்று பிரான்சில் உள்ள அந்த மாநிலம் அப்போது ஜெர்மனியின் வசம் இருந்தது. தந்தை ஒரு போதகர். குன்ஸ்பாக் என்ற சிற்றூரில் சிறுவன் வளர்ந்தான். 9 வயதிலேயே தேவாலய ஆராதனையில் ஆர்கன் வாசித்தான்.

1896-ம் ஆண்டு. சுவைட்சருக்கு வயது 21. பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தார். தனக்கு நல்ல பெற்றோரும், படிப்பும், உடல் நலமும் கிடைத்திருக்கின்றன. எத்தனையோ பேருக்கு இவை கிடைக்கவில்லையே என்ற எண்ணம் அவரை வாட்டியது. 30 வயது வரை படிப்புக்கும் இசைக்கும் வாழ்வது, அதன் பிறகு மக்களுக்கு நேரடியாகத் தொண்டு செய்வது என்று அன்று முடிவு செய்தார்.

சைக்கிளில் சென்ற தொண்டர்

என்ன தொண்டு செய்வது? அதற்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

அனாதைக் குழந்தைகளை வளர்க்கலாம் என்று நினைத்தார். ஸ்ட்ராஸ்பர்க்கில் அனாதை விடுதி தீப்பிடித்து எரிந்தபோது, சில சிறுவர்களைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி கேட்டார். விடுதி அதிகாரி அவரைப் பேசி முடிக்கக்கூட விடவில்லை. தனி ஆட்களிடம் குழந்தைகளை ஒப்படைக்கச் சட்ட திட்டங்களில் இடம் இல்லை.

அடுத்து, வீடு வாசல் இல்லாமல் திரிபவர்களுக்கும் சிறையில் இருந்து விடுதலை ஆனவர்களுக்கும் உதவ முன்வந்தார். எர்ன்ஸ்ட் என்ற போதகரிடம் உதவி கேட்டு வருகிறவர்களின் இருப்பிடத்தை சைக்கிளில் தேடிச் சென்று, உண்மை நிலையை விசாரித்து, தேவையான உதவி கிடைக்கச் செய்தார். பணம் படைத்தவர்களிடம் நன்கொடையும் திரட்டினார்.

இந்த அனுபவம் அவருக்கு ஒன்றைப் புரிய வைத்தது. இரக்கம் மட்டும் இருந்தால் போதாது. பிறருக்குப் பயன்படும் ஒரு தொழில் கைவசம் இருக்க வேண்டும். அப்போதுதான் யார் தயவையும் எதிர்பாராமல் சேவை செய்ய முடியும்.

1904-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு நாள், அவர் மேஜை மீது பாரீஸ் மிஷன் சங்கத்தின் பத்திரிகை கிடந்தது. ஆப்பிரிக்காவில் காபோன் பகுதியில் மிஷன் வேலைக்கு ஆட்கள் இல்லை என்ற கட்டுரை அதில் இருந்தது. படித்து முடித்ததும் அவருடைய தேடல் முடிந்தது. அங்கே போவது, அதுவும் டாக்டராகவே போவது என்று தீர்மானித்தார்.

நண்பர்கள் எதிர்ப்பு

உற்றார் உறவினரும் நண்பர்களும் ஒரே குரலில் எதிர்த்தார்கள். சொற்பொழிவு செய்து பணம் திரட்டிக் கொடுத்தால் இதைவிடப் பெரிய தொண்டு ஆகுமே என்றார்கள் சிலர். அவருக்கு ஆர்கன் கற்றுக்கொடுத்த பாரீஸ் இசை மேதை விடோர், இது ஒரு தளபதி துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போவது போன்றது என்று கடிந்துகொண்டார்.

சுவைட்சர் அசையவில்லை. போதகராகவும் ஆசிரியராகவும் பல ஆண்டுகள் பேசியாகிவிட்டது, இனி பேச்சு வேண்டாம், கைகளால் வேலை செய்ய வேண்டும் என்று அவர் விரும்பினார்.

ஆசிரியரே மாணவர்

மருத்துவக் கல்லூரியில் சேரப்போன இடத்தில் ஒரு சிக்கல் முளைத்தது. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிற ஒருவர் அதே பல்கலைக்கழகத்தில் மாணவராகப் பெயர் பதிவு செய்ய முடியாது. மாணவராகப் பதியாமல் பரீட்சை எழுதவும் முடியாது! வகுப்புக்கு வந்ததாகப் பேராசிரியர்கள் சான்று கொடுத்தால் பரீட்சை எழுதலாம் என்று அரசாங்கம் சலுகை காட்டியது. சக ஆசிரியர் என்பதால், பேராசிரியர்கள் பாடங்களுக்குக் கட்டணம் வாங்கவில்லை.

1906-ல் கல்லூரி முதல்வர் பதவியை விட்டார். அதனால் கல்லூரி வீட்டையும் காலி செய்ய வேண்டி வந்தது. நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில், கூரையை ஒட்டிய 4 சிறு அறைகளில் குடியேறினார்.

பகலில் உடற்கூறு, ரசாயனம் என்று வகுப்புகள். இடையில் தன் மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். அநேகமாக ஞாயிறுதோறும் பிரசங்கம் உண்டு. குளிர் காலத்தில் பல முறை பாரீஸ் சென்று இசை நிகழ்ச்சிகளில் ஆர்கன் வாசிக்க வேண்டும். இவற்றுக்கு நடுவே நூல்களும் எழுதினார். களைப்பு அவரை விடாமல் துரத்தியது.

நினைவாற்றலும் மாணவப் பருவத்தில் இருந்தது போல் இல்லை. பரீட்சைக்காக மனப்பாடம் செய்வது மட்டம், விஷயத்தை ஆழ்ந்து கற்பதே முறை என்ற பிடிவாதம் வேறு! முதல் கட்டப் பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தபோது, உடன் படித்த இளைஞர்கள் வற்புறுத்தித் தங்கள் பரீட்சைப் படிப்புக் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். தன்னைவிட வயதில் இளையவர்களோடு உட்கார்ந்து கேள்வி பதில்களை உருப்போட்டார். 1908-ல் தேறினார்.

இறுதிப் பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டும். மியூனிச் இசை விழாவில் ஆர்கன் வாசித்து அந்தப் பணத்தைச் சம்பாதித்தார். 1911-ம் ஆண்டு டிசம்பரில் கடைசிப் பரீட்சையை முடித்துவிட்டு வெளியே வந்தபோது, நடப்பது கனவா நனவா என்று அவருக்கே விளங்கவில்லை. அதன் பிறகு ஓராண்டு ஆஸ்பத்திரிப் பயிற்சியும் ஆராய்ச்சிக் கட்டுரையும் இருந்தன. டாக்டர் பட்டம் கைக்கு வந்த 1913-ல் அவருக்கு வயது 38.

துணைவி

1912-ல் சுவைட்சர் ஹெலன் பிரெஸ்லாவ் என்ற பெண்ணை மணந்தார். ஸ்ட்ராஸ்பர்க் நகராட்சியில் அனாதைக் குழந்தைகளின் நலனைக் கவனிக்கும் வேலை பார்த்தவர் ஹெலன். கணவரின் லட்சியத்துக்குத் துணை நிற்பதற்காக அவரும் நர்ஸ் பயிற்சி பெற்றார்.

கோழிக்கூண்டில் வைத்தியம்

நண்பர்களிடம் கையேந்தித் திரட்டிய பணத்தில் மருந்துகளும் கருவிகளும் வாங்கினார்கள். 70 பெட்டிகளோடு புறப்பட்டு, 1913 ஏப்ரலில் ஒகோவே ஆற்றங்கரையில் உள்ள லம்பரேனேக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிடம் தயாராக இல்லை. ஆனால் நோயாளிகள் காத்திருந்தார்கள். பழைய கோழிக்கூண்டு ஒன்றைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, அதிலேயே வைத்தியத்தைத் தொடங்கினார். முதல் 9 மாதங்களில் ஏறத்தாழ 2 ஆயிரம் பேர் சிகிச்சை பெற்றனர்.

1914-ல் முதல் உலகப்போர் மூண்டது. காபோன் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சுவைட்சர் தம்பதிகளோ ஜெர்மனிப் பிரஜைகள். எனவே காவலில் வைக்கப்பட்டார்கள். 1917-ல் கைதிகளாக பிரான்சுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். ஊர் திரும்பியபோது உடல் நலம் குன்றி இருந்தது, கடனும் இருந்தது. ஆர்கன் வாசித்தும், நூல் எழுதியும், சொற்பொழிவு செய்தும் கடனை அடைத்தார். 1924-ல் மறுபடியும் லம்பரேனே சென்றார். பழைய ஆஸ்பத்திரி பாழடைந்து கிடந்தது. அதைச் செப்பனிட்டு வேலையைத் தொடங்கினார். 1927-ல் ஆஸ்பத்திரி வேறு பெரிய இடத்துக்கு மாறியது.

குறளைப் போற்றியவர்

இந்திய தத்துவம் பற்றி சுவைட்சர் எழுதிய நூல் 1935-ல் வெளிவந்தது. அதில் திருக்குறளை மிக உயர்வாகப் பாராட்டி இருக்கிறார். அன்பைச் செயலில் காட்டச் சொல்லும் குறளின் நெறி, அவருடைய கொள்கைக்கு மிக நெருக்கமாக இருந்தது.

1952-ம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பணத்தைத் தொழுநோயாளிகளுக்கான குடியிருப்புக்குச் செலவிட்டார்.

அவர் மீது குறை சொன்னவர்களும் உண்டு. ஆப்பிரிக்கர்களைச் சமமாகக் கருதாமல் தம்பிகளைப் போல நடத்தினார், ஆஸ்பத்திரியை நவீனமாக்கவில்லை என்றார்கள். அந்தக் குறையில் உண்மை இருந்தது. ஆனால் வேறு டாக்டர் இல்லாத காட்டில் நோயாளிக்குக் கட்டுப் போட அவர் இருந்தார் என்பதும் உண்மை.

1965-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி, 90-வது வயதில் லம்பரேனேயிலேயே காலமானார். ஒகோவே ஆற்றங்கரையில் அடக்கம் செய்யப்பட்டார்.

மருத்துவம் படிக்கச் சேர்ந்தபோது, இந்த வயதில் படிப்பு எதற்கு என்று கேட்டவர்கள் பலர். படித்து முடித்து ஆப்பிரிக்காவில் காலடி வைத்த பிறகு, அவர் 52 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். 7 ஆண்டுப் படிப்பு அத்தனை காலத்துக்கும் உதவியது.