புயல் கூண்டு ஏற்றிய கேப்டன்

வங்கக் கடலில் புயல் உருவானால், 'டிவி' செய்தியில் ஒரு வரி தவறாமல் வரும், கவனித்திருக்கிறீர்களா குட்டீஸ்? சென்னை, கடலூர், நாகை துறைமுகங்களில் இத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்பார்கள். கூண்டு என்றதும் கிளிக்கூண்டை நினைத்துக் கொள்ளாதீர்கள். துறைமுகத்தில் உள்ள உயரமான கம்பத்தில், கூம்பு, உருளை போன்ற வடிவங்களைத் தொங்க விடுவார்கள். தூரத்தில் இருந்து பார்த்தாலே, கடலுக்குப் போகலாமா, கூடாதா என்று மாலுமிகளுக்கும் மீனவர்களுக்கும் புரிந்து விடும்.

பிரிட்டனில், 1861ல் இப்படிக் கூம்பு கட்டி எச்சரிக்கும் முறையைத் துவக்கியவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். விஞ்ஞானி சார்லஸ் டார்வின் உலகம் சுற்றி வந்த, 'பீகிள்' கப்பலின் கேப்டன் இவர்தான். டார்வினைத் தெரிந்த அளவுக்கு இவரைப் பலருக்கும் தெரியாது.

ஃபிட்ஸ்ராய், 1805 ஜூலை 5ம் தேதி, இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், பெரிய பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். அவரது தாத்தா, பிரிட்டனின் பிரதமராக இருந்தவர். வசதிக்குக் குறைவில்லை, ஆனால், சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தார். 12 வயதில், போர்ட்ஸ்மவுத் நகரில் இருந்த கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பில் படுசுட்டி. 1824ல் நடந்த கடற்படை அதிகாரி தேர்வில், முழு மதிப்பெண் வாங்கினார். அதற்கு முன் அந்தத் தேர்வில் யாரும் முழு மதிப்பெண் வாங்கியதில்லை.

தென் அமெரிக்கக் கடற்கரையை அளந்து, வரைபடம் தயாரிக்கப் போயிருந்த பீகிள் கப்பலின் கேப்டன், 1828ல் இறந்து போனார். அந்தப் பொறுப்பு ஃபிட்ஸ்ராயைத் தேடி வந்தது. அப்போது அவருக்கு வயது 23 தான்.

பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே வந்தது சோதனை. 1829 ஜனவரி 30ம் தேதி, பிளேட் நதி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, மால்டொனாடோ என்ற ஊரை நெருங்கிக் கொண்டிருந்தது பீகிள். அந்தப் பக்கத்தில், 'பாம்பெரோ' என்று ஒரு காற்று உண்டு. பரந்த புல்வெளிகளைத் தாண்டி, திடீரென்று சீறி வரும். கப்பலில் இருந்த காற்றழுத்தமானி, அது வருவதை முன்கூட்டியே காட்டியது. அதில் பாதரசம் இறங்கிக் கொண்டே இருந்தது. ஆனால், இளம் கேப்டன் அதற்குப் போதிய மதிப்புத் தரவில்லை. விரித்த பாய்களைச் சுருட்டி முடிப்பதற்குள் காற்று அடித்து விட்டது. கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. பாய்மரங்களின் மேல் பகுதிகள் முறிந்து விழுந்தன. இரண்டு மாலுமிகள் கடலில் விழுந்து இறந்தனர்.

கப்பல் தப்பியது. ஆனால், அந்த இருவரையும் ஃபிட்ஸ்ராய் கடைசி வரை மறக்கவில்லை.

காற்றழுத்தமானி என்ன செய்கிறது என்று பார்ப்போமா? நம் தலைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரத்துக்குக் காற்று இருக்கிறது. அதற்கும் எடை உண்டு. அந்த எடை, ஒரு கண்ணாடிக் குழாயில் உள்ள பாதரசத்தை, கடல் மட்டத்தில் சுமார் 76 செ.மீ., உயரத்துக்குத் தூக்கி நிறுத்தும். அழுத்தம் குறைந்தால் பாதரசம் இறங்கும். புயல் என்பது காற்றழுத்தம் மிகவும் குறைந்த இடம். சுற்றியுள்ள காற்று அதை நோக்கிச் சுழன்று பாயும். அதனால், பாதரசம் மளமளவென்று இறங்கினால், புயல் நெருங்குகிறது என்று அர்த்தம்.

அந்தக் காலக் கருவிகளில், 'மழை', 'நல்ல வெயில்', 'புயல்' என்று எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள். அந்த எழுத்துகளை மட்டும் நம்பக் கூடாது என்பது ஃபிட்ஸ்ராயின் கட்சி. பாதரசம் எங்கே நிற்கிறது என்பதை விட, ஏறுகிறதா, இறங்குகிறதா, எவ்வளவு வேகத்தில் என்பதைப் பார்க்க வேண்டும். காற்று எந்தத் திசையில் இருந்து எந்தத் திசைக்கு மாறுகிறது, மேகம் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னொரு விஷயம். மிகவும் இறங்கிய பாதரசம் ஏறத் துவங்கியதும், ஆபத்து முடிந்தது என்று பாயை விரித்து விடக் கூடாது. அந்த நேரத்தில்தான் பல சமயம் பலத்த காற்று அடிக்கும்.

பீகிளின் அடுத்த பயணம், 1831 டிசம்பர் 27ம் தேதி துவங்கி, 1836 அக்டோபர் 2ம் தேதி முடிந்தது. டார்வின் சென்றது இந்தப் பயணத்தில்தான். நேரத்தைத் துல்லியமாகக் காட்ட, கப்பலில் 22 கடிகாரங்கள் இருந்தன! ஃபிட்ஸ்ராயின் மேலதிகாரியான பிரான்சிஸ் போஃபர்ட், காற்றின் வேகத்தை 0 முதல் 12 வரை எண்களால் குறிக்கும் ஒரு முறையை வைத்திருந்தார். காற்றே இல்லை என்றால் 0; எந்தப் பாயும் தாங்காத சூறாவளி என்றால் 12. அதற்கு முன், ஒரு கேப்டனுக்குப் பலத்த காற்றாகத் தெரிவது, இன்னொருவருக்குச் சாதாரணக் காற்றாகத் தெரியும். எண் என்றால் அந்தக் குழப்பம் இல்லை. அந்த அளவுமுறை, அதிகாரப்பூர்வமாக முதன்முதலில் பயன்பட்டது பீகிள் கப்பலின் இந்தப் பயணத்தில்தான். உலக வானிலை அறிக்கைகளில் அது இன்னும் இருக்கிறது.

ஊர் திரும்பிய பின், நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். 1843ல் நியூசிலாந்தின் கவர்னராகப் போனார். அங்கே குடியேறிய வெள்ளையர்களுக்கும் இவருக்கும் ஒத்துவரவில்லை. 1845ல் திரும்ப அழைத்து விட்டனர். அந்தக் கதை நமக்கு இப்போது வேண்டாம்.

கடந்த 1854ல், பிரிட்டன் அரசு புதிதாக ஒரு சிறிய வானிலைத் துறையைத் துவக்கி, ஃபிட்ஸ்ராயைத் தலைவராக்கியது. உதவிக்கு மூன்று பேர். வேலை என்ன தெரியுமா? வெறும் கணக்கெடுப்பு. கப்பல் கேப்டன்களுக்குக் காற்றழுத்தமானியும் வெப்பமானியும் கொடுத்து அனுப்ப வேண்டும். அவர்கள் நடுக்கடலில் தினமும் குறித்து வரும் அளவுகளை வாங்கித் தொகுக்க வேண்டும். எந்த மாதத்தில், எந்தக் கடலில், எந்தக் காற்று வீசும் என்று தெரிந்தால், கப்பல்கள் சீக்கிரம் ஊர் போய்ச் சேரலாம். நாளை என்ன வானிலை என்று சொல்லும்படி அவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஐந்து ஆண்டுகள் இப்படியே போயின. அப்போதுதான் அந்தப் பெரும் துயரம் நடந்தது.

'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல், ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் இருந்து இங்கிலாந்தின் லிவர்பூலுக்கு வந்து கொண்டிருந்தது. தங்கச் சுரங்கங்களில் சம்பாதித்தவர்கள், மூட்டை மூட்டையாகத் தங்கத்தோடு ஊர் திரும்பினர். சுமார் இரண்டு மாதப் பயணம். உலகத்தின் மறுகோடியில் இருந்து பத்திரமாக வந்தாகி விட்டது. லிவர்பூல் கிட்டத்தட்ட வந்தே விட்டது. 1859 அக்டோபர் 25ம் தேதி இரவு, வேல்ஸ் பகுதியின் ஆங்கில்சி தீவருகே கடும் புயல் தாக்கியது. நங்கூரச் சங்கிலிகள் அறுந்தன. மறுநாள் காலை, கரைக்கு மிக அருகில் பாறைகளில் மோதி, கப்பல் இரண்டாக உடைந்தது. ஜோசப் ரோஜர்ஸ் என்ற மால்டா தீவு மாலுமி, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அலைகளில் நீந்திக் கரை சேர்ந்தார். அந்தக் கயிற்றைப் பிடித்துச் சிலர் தப்பினர். பிழைத்தவர்கள் சுமார் 40 பேர். இறந்தவர்கள் 400க்கும் மேல். பெண்கள், குழந்தைகளில் ஒருவர் கூடப் பிழைக்கவில்லை.

அந்த ஒரே புயலில், பிரிட்டன் கரையோரம் 133 கப்பல்கள் மூழ்கின. சுமார் 800 பேர் இறந்தனர்.

அந்த நேரத்தில் பல இடங்களில் எடுத்த அளவுகளை எல்லாம் ஃபிட்ஸ்ராய் வரவழைத்தார். அந்தந்த நேரத்தில் எங்கே அழுத்தம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் என்று வரைபடங்களில் குறித்துக் கொண்டே வந்தார். குறிக்கக் குறிக்க, புயல் எங்கே துவங்கி, எப்படிச் சுழன்று, எந்த வழியாக நகர்ந்தது என்பது கண்முன்னே தெரிந்தது. தெற்கே அது தாக்கியதற்கும், ஆங்கில்சியை அடைந்ததற்கும் நடுவே பல மணி நேரம் இருந்தது. குதிரையில் ஆள் அனுப்பினால் புயல் முந்திக்கொள்ளும். தந்தி அனுப்பி இருந்தால்?

தந்தியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இந்தியாவில் 2013லேயே நிறுத்தி விட்டனர். கம்பி வழியாக மின்சாரத்தில் செய்தி அனுப்பும் முறை அது. அன்று அதை விட வேகமானது எதுவும் இல்லை. புயலையே முந்தி விடும்.

ஃபிட்ஸ்ராய் போராடி அனுமதி வாங்கினார். கரையோர ஊர்கள் பலவற்றில், தினமும் காலையில் அழுத்தம், வெப்பம், காற்று, கடல் நிலை ஆகியவற்றைக் குறித்து, லண்டனுக்குத் தந்தி அடிப்பர். 10 மணிக்குத் தந்திகள் வந்து குவியும். ஃபிட்ஸ்ராயும் உதவியாளர்களும் அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பர். பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு இடையே அழுத்த வித்தியாசம் அதிகமாக இருந்தால், அங்கே காற்று பலமாக வீசும் என்று அர்த்தம். 11 மணிக்குள் அறிக்கை தயார்!

ஆபத்து என்று தெரிந்தால், துறைமுகங்களுக்குத் தந்தி பறக்கும். அங்கே கம்பத்தில், கறுப்பு கித்தான் துணியால் செய்த கூம்பு ஏறும். கூம்பின் நுனி மேலே பார்த்தால், வடக்கில் இருந்து புயல் காற்று; கீழே பார்த்தால் தெற்கில் இருந்து. உருளை ஏறினால், காற்று பல திசைகளில் மாறி மாறி அடிக்கும். இரண்டும் சேர்ந்து ஏறினால், மிகவும் ஆபத்து. இரவில் விளக்குகளை அதே வடிவத்தில் கட்டுவர். எழுதப் படிக்கத் தெரியாத மாலுமிக்கும் புரிந்து விடும். ஏழை மீனவர் குப்பங்களுக்கு, காற்றழுத்தமானிகளை இலவசமாகவும் கொடுக்க வைத்தார்.

முதல் எச்சரிக்கை, 1861 பிப்ரவரி 6ம் தேதி போனது. டைன் நதித் துறைமுகத்தில் அதை மதிக்காமல் கப்பல்கள் கிளம்பின. பல கப்பல்கள் நொறுங்கின. அதன் பிறகு, கூம்பை அலட்சியப்படுத்தத் தயங்கினர். ஆகஸ்ட் 1ம் தேதி, 'டைம்ஸ்' நாளிதழில், பொதுமக்களுக்கான முதல் வானிலை முன்னறிவிப்பு வெளியானது. அதற்கு, 'ஃபோர்காஸ்ட்' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தவரும் இவரே. ஜோசியம் என்று யாரும் நினைத்து விடக் கூடாது என்பதில் குறியாக இருந்தார்.

ஆனால், அட்லாண்டிக் கடலின் நடுவில் இருந்து தந்தி வர வழி இல்லை. மேற்கே இருந்து வரும் புயல், கரையைத் தொடும் வரை கண்ணுக்குப் படாது. செயற்கைக்கோளும் கிடையாது, கணினியும் கிடையாது. அதனால், கணிப்பு பல நாட்கள் தப்பியது. மழை என்றால் வெயில் அடித்தது. நாடாளுமன்றத்தில் கேலி, முன்னறிவிப்பை அச்சிட்ட நாளிதழிலேயே கேலி. கூம்பைப் பார்த்து மீனவர்கள் கரையில் உட்கார்ந்து விடுவதால் நஷ்டம் என்று படகு முதலாளிகள் முணுமுணுத்தனர். தந்திச் செலவு அதிகம் என்று அதிகாரிகள் கணக்குப் பார்த்தனர். விஞ்ஞானிகளும், அடிப்படை விதி தெரியாமல் கணிக்கிறார் என்றனர். அதில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால், விதி தெரியும் வரை காத்திருந்தால், அதுவரை மூழ்கும் கப்பல்களுக்கு யார் பதில் சொல்வது?

உதவிக்கு ஆள் குறைவு. வேலையோ ஓயாத வேலை. சொந்தச் சொத்தும் பொதுப் பணிகளில் கரைந்து விட்டது. காது மந்தமாகி, உடல் தளர்ந்தது. மனச்சோர்வு என்ற நோய் அவரைப் பிடித்தது. அதற்குச் சரியான மருத்துவம் இல்லாத காலம் அது. 1865 ஏப்ரல் 30ம் தேதி, 59வது வயதில், அந்த நோய் அவர் உயிரைப் பறித்தது. அவரது குடும்பத்துக்காக நண்பர்கள் நிதி திரட்டியபோது, டார்வின் 100 பவுண்ட் கொடுத்தார். அதற்குள் இருவருக்கும் இடையே, கருத்து வேறுபாட்டால் நட்பு முறிந்து போயிருந்தது.

அவர் இறந்த பின் ஒரு குழு ஆராய்ந்து குறை சொன்னது. 1866ல், முன்னறிவிப்பும் புயல் எச்சரிக்கையும் நிறுத்தப்பட்டன. அப்போது கொதித்து எழுந்தவர்கள் யார் தெரியுமா? மாலுமிகளும் துறைமுக ஊர்க்காரர்களும்தான். கூம்பு எங்களுக்கு வேண்டும் என்று மனு மேல் மனு போட்டனர். அடுத்த ஆண்டே புயல் எச்சரிக்கை திரும்ப வந்தது.

நம் நாட்டில், 1864ல் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் பல்லாயிரம் பேர் இறந்தனர். மறுஆண்டு, கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை கொடுக்கும் ஏற்பாடு துவங்கியது. அந்த முறை வளர்ந்து, இப்போது 1 முதல் 11 வரை எண்கள் உள்ளன.

பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கின்றனர். மாலுமிகளுக்கான வானிலை அறிக்கையை வானொலியில் வாசிக்கும்போது, அந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்வர். 2002ல், அதில் ஒரு பகுதியின் பெயரை மாற்றினர். ஸ்பெயினுக்கு வடமேற்கே, அட்லாண்டிக் கடலில் இருக்கும் அந்தப் பகுதியின் புதுப் பெயர், 'ஃபிட்ஸ்ராய்!'