முழங்கையால் அழித்த கணக்குகள்

ஹற்றனுக்கு அப்பால், பஸ் திரும்பும் இடத்திலிருந்து இன்னும் இரண்டு மைல் ஏற வேண்டிய ஒரு தோட்டப் பாடசாலை. மலையகத்தில் கணித ஆசிரியர் பற்றாக்குறை பற்றி எழுதுவதற்காகப் போயிருந்தேன். தரம் 10 வகுப்பறையின் ஈரம் ஊறிய சுவரில் சீனிவாச இராமானுஜனின் படம் தொங்கியது. பழைய கலண்டரிலிருந்து வெட்டி ஒட்டியது. அந்த வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கப் பல மாதங்களாக யாரும் இல்லை.

ஒரு சிறுமி என்னை அக்கா என்று கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டாள். இவருக்கு நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தாராம், எங்களுக்கு யார் வருவார் என்று. கேலியாகத்தான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாதாரண தரத்தில் முதல் தடவை நானும் கணிதத்தில் சித்தியடையவில்லை. கணக்கு பிறவியிலேயே வரவேண்டியது, எனக்கு வரவில்லை என்று ஒரு வருடம் முழுக்க நம்பியிருந்தேன். அப்படி நம்ப வைத்த கதைகளில் இராமானுஜன் கதையும் ஒன்று.

அந்த இரவு கொட்டகலைக்குத் திரும்பியதும் அவருடைய வாழ்க்கையை மறுபடி வாசித்தேன். இம்முறை அவர் என்ன கண்டுபிடித்தார் என்பதைவிட, எப்படிப் படித்தார் என்பதைத்தான் தேடினேன்.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அப்பா புடைவைக் கடையில் கணக்கு எழுதினார். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பாடினார். வருமானம் போதாமல் வீட்டில் கல்லூரி மாணவர்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். சிறுவன் இராமானுஜன் அவர்களிடம் கேட்டுக் கேட்டே, அவர்களுக்குத் தெரிந்த கணிதத்தைத் தீர்த்துவிட்டான். அதன்பின் லோனியின் திரிகோண கணித நூலை இரவல் வாங்கினான். பதின்மூன்று வயதளவில் அதையும் முடித்துவிட்டான். வெட்கப்படாமல் தன்னைவிட மூத்தவரிடம் கேட்டதும், கையில் கிடைத்த ஒரே புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை விடாமல் பார்த்ததும்தான் அவனுடைய முதல் படிப்பு முறை. கனவு, தெய்வம் எல்லாம் பிறகு வந்த பேச்சு.

1903 இல், ஏறத்தாழப் பதினாறு வயதில், ஜோர்ஜ் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு நூல் கைக்கு வந்தது. இங்கிலாந்தில் பரீட்சைக்குப் பிரத்தியேக வகுப்பு நடத்தியவர் அவர். இன்றைய மொழியில் சொன்னால் ஒரு டியூஷன் மாஸ்டரின் குறிப்புப் புத்தகம். சுமார் ஐயாயிரம் தேற்றங்களும் சூத்திரங்களும் வரிசையாக இருந்தன. நிறுவல் என்று பார்த்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. வேறொருவன் மனப்பாடம் செய்திருப்பான். இராமானுஜன் ஒவ்வொன்றையும் மூடி வைத்துவிட்டு, அது ஏன் சரி என்பதைத் தானே செய்து பார்த்தார். ஒன்றிலிருந்து இன்னொன்று கிளைத்தது. குறிப்புப் புத்தகங்களில் எழுதத் தொடங்கினார். கடந்தகால வினாத்தாளின் விடையை முதலில் பார்த்துவிட்டுக் கேள்வியைத் தேடும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு பழக்கத்தை மட்டும் சொன்னால் போதும் என்று தோன்றியது.

கடதாசி வாங்கக் காசில்லை. அதனால் செய்கை முழுவதும் சிலேட்டில். துணியைத் தேடினால் நேரம் போய்விடும் என்று முழங்கையாலேயே அழிப்பார். முழங்கை தடித்துக் கறுத்துப் போனதாம். கடைசியில் வந்த முடிவை மட்டும் குறிப்புப் புத்தகத்தில் ஏற்றுவார். ஏற்கனவே எழுதிய தாளின்மேல் சிவப்பு மையால் மறுபடி எழுதுவதும் உண்டு என்று நண்பர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு வன்னியில் வளர்ந்த அண்ணன் நினைவுக்கு வந்தான். 83 கலவரத்தின்பின் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கும் அங்கிருந்து கிளிநொச்சிப் பக்கமும் போன பெரியம்மாவின் மகன். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயும் இல்லை, கொப்பியும் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில், பென்சிலால் எழுதி முடித்த கொப்பியின்மேல் பேனையால் கணக்குப் போட்டவன். கும்பகோணத்தில் ஒருவர் அப்படிச் செய்தார் என்பது அவனுக்குத் தெரியாது. இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் அந்தக் கொப்பிகளை அவன் உடுப்புப் பையில் வைத்துக் கொண்டுபோனதாகப் பெரியம்மா சொல்வார். மாத்தளனுக்குப் பிறகு அவை இல்லை.

பரீட்சை இராமானுஜனையும் விட்டுவைக்கவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் புலமைப்பரிசில் கிடைத்தது. கணிதத்தைத் தவிர வேறெதையும் திறந்து பார்க்காததால் அது பறிபோனது. 1905 இல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் 1906, 1907 இரண்டு வருடமும் எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றார். உடற்றொழிலியல் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. இதை ஒரு வீரக்கதையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மற்றப் பாடங்களைக் கைவிட்டதற்கு அவர் கொடுத்த விலை பல வருட வறுமை. தன் குறிப்புப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வேலை கேட்டு அலைந்தார். 1912 இல்தான் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாவுக்கு இலிகிதர் வேலை கிடைத்தது. பரீட்சை முடிவை வைத்தே உயர்தரத்துக்கு அனுமதிக்கும் நம் முறையில், அவர் எங்கே நின்றிருப்பார் என்பதையும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஒன்றை மறைக்கக்கூடாது. அவர் ஏழை என்றாலும், எழுத்தும் பள்ளியும் பல தலைமுறையாக உரிமையாயிருந்த அக்கிரகாரத்து ஏழை. அவர் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்த அதே வருடங்களில் திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்து ஏழைகள் கங்காணிகளின் பின்னால் இந்த மலைக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்குப் பள்ளிக்கூடத்தின் வாசல்கூடத் தெரியாது. இங்கே கணக்கு என்பது கணக்கப்பிள்ளையின் கையில் இருந்தது. கொழுந்து நிறுக்கும்போது எத்தனை கிலோ கழிக்கிறார்கள், முழுப்பேரா அரைப்பேரா என்பதை அவர் சொன்னதுதான். என் அம்மாவுக்குக் கூட்டல் நன்றாகத் தெரியும். தராசடியில் அதைக் காட்டிக்கொள்ளக்கூடாது என்பதும் தெரியும்.

1913 ஜனவரியில் இராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியதும், 1914 இல் கப்பலேறியதும், 1918 இல் றோயல் சொசைட்டி உறுப்பினரானதும், நோயோடு திரும்பி 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் இறந்ததும் எல்லோருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாதது வேறொன்று. முதல்நிலை எண்களைப் பற்றி அவர் ஹார்டிக்கு எழுதி அனுப்பியவற்றில் சில பிழை. தனியாகப் படித்தவருக்குத் தன் பிழையைக் காட்ட ஆளில்லை. கேம்பிரிட்ஜில் ஹார்டியும் லிட்டில்வூட்டும் அதைக் காட்டினார்கள். நிறுவல் என்ற ஒழுக்கத்தை அவர் அங்கேதான் பழகினார். ஹார்டியோடு சேர்ந்து உட்கார்ந்ததால் வந்ததுதான் எண் பிரிவினை பற்றிய 1918 ஆம் ஆண்டுக் கட்டுரை. பக்கத்தில் ஒருவர் வேண்டும். அந்த வகுப்பறையில் இல்லாததும் அதுதான்.

மறுநாள் நான் மறுபடி ஏறினேன். கரும்பலகையில் எண் பிரிவினையை எழுதிக் காட்டினேன். 4 கிலோ கொழுந்தை முழுக் கிலோக்களாகப் பைகளில் பிரிக்க எத்தனை வழி? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து வழி. 5 கிலோவுக்கு ஏழு. 6 கிலோவுக்கு எத்தனை என்று கேட்டுவிட்டு, விடையைச் சொல்லாமல் நிறுத்தினேன். அந்தச் சிறுமி பத்து என்றாள். பக்கத்தில் இருந்தவன் ஒன்பது என்றான். இருவரும் ஒரே கொப்பியில் சண்டை போட்டுக்கொண்டார்கள். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பாதி வழி இறங்கியிருப்பேன். மேலே தேயிலைக்குள்ளிருந்து அக்கா என்று குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு கைகளின் விரல்களையும் விரித்துக் காட்டி, மூடி, பிறகு ஒற்றை விரலை நீட்டினாள்.