பாடையைத் தலையில் சுமந்த மகள்: பண்டித ரமாபாயும் அவரது தாயும்

தாயின் உடலைச் சுடுகாட்டுக்குத் தூக்கிச் செல்ல ஆட்கள் இல்லை. ஊரே பசியில் கிடந்தது. வந்தேறிய ஒரு ஏழைக் குடும்பத்தின் பிரேதத்துக்கு யார் வருவார்? கடைசியில் இரண்டு பேர் இரக்கப்பட்டு முன்வந்தார்கள். மூன்றாவது ஆள் மகன். நான்காவது ஆளாக நின்றது பதினாறு வயதளவான மகள். உயரம் குறைந்தவர் என்பதால் மற்றவர்களைப் போலத் தோளில் தாங்க அவரால் முடியவில்லை. பாடையின் ஒரு மூலையைத் தலையில் சுமந்தபடி சுடுகாடு வரை நடந்தார்.

அந்த மகள்தான் பின்னாளில் பண்டித ரமாபாய் என்று உலகம் அறிந்த பெண். இறந்த தாய் லக்ஷ்மிபாய் டோங்ரே.

அது 1870களின் பஞ்சகாலம். அதே பத்தாண்டில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சம்தான் எங்கள் மூதாதையர் பலரையும் மன்னார் வழியாக இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு நடக்க வைத்தது. வழியில் விழுந்தவர்களுக்கு முறையான அடக்கம் கிடைக்கவில்லை. நூறு ஆண்டுகள் கழித்து 1977, 1981, 1983 வன்செயல்களில் ஓப்பநாயக்க, பலாங்கொடை, காவத்தை உள்ளிட்ட இரத்தினபுரி மாவட்டத்துத் தமிழர் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியிருந்தது. சப்ரகமுவவிலிருந்து வன்னிக்குப் போனவர்களை அங்கும் யுத்தம் விடவில்லை. பெற்ற தாயை வழியிலே விட்டுவிட்டு நடந்த பிள்ளைகள் எங்களிடையே இன்றும் இருக்கிறார்கள். ஆகவே ரமாபாயின் கதை எங்களுக்குத் தூரத்துக் கதை அல்ல.

லக்ஷ்மிபாய்க்கு ஒன்பது வயதில் திருமணம். கணவர் அனந்த சாஸ்திரி நாற்பது வயதைக் கடந்த சமஸ்கிருத அறிஞர். பெண்ணுக்குச் சமஸ்கிருதம் கற்பிப்பது பாவம் என்று சமூகம் சொன்ன காலத்தில் அவர் மனைவிக்கு அதைக் கற்பித்தார். எதிர்ப்பு வலுத்ததும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கங்காமூலா காட்டில் குடிசை போட்டு வாழ்ந்தார். அங்கேதான் 1858 ஏப்ரல் 23 ஆம் திகதி ரமாபாய் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் காட்டை விட்டுப் புறப்பட்டது. குழந்தையைப் பிரம்புக் கூடையில் வைத்துச் சுமந்து சென்றார்கள். அதன் பிறகு அவர்களுக்கு நிலையான வீடு என்று ஒன்று இருக்கவில்லை. கோயில் கோயிலாகப் புராணம் வாசித்து, கிடைத்த காணிக்கையில் வாழ்ந்தார்கள்.

ரமாபாய் படிக்கும் வயதுக்கு வந்தபோது தந்தை முதுமையடைந்திருந்தார். எனவே கற்பிக்கும் பொறுப்பு தாயின் மேல் விழுந்தது. பகலில் சமையல், விருந்தினர், நடை. அவருக்கு ஓய்வு கிடைத்தது விடியுமுன் மட்டும்தான். தூங்கி வழியும் சிறுமியை எழுப்பி, மடியில் அணைத்தபடி, பறவைகள் விழிக்கும் நேரத்தில் சுலோகங்களைச் சொல்லிக் கொடுத்தார். பன்னிரண்டு வயதில் பாகவதத்தின் பதினெட்டாயிரம் சுலோகங்களும் மகளுக்கு மனப்பாடம்.

பிறகு பஞ்சம் வந்தது. விற்க எதுவும் மிஞ்சவில்லை. திருப்பதிக் காட்டில் நாட்கணக்காகத் தண்ணீரும் இலைகளும்தான் உணவு. முதலில் தந்தை இறந்தார். அடுத்துக் காய்ச்சலில் விழுந்த தாய் உணவு கேட்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒரு துண்டு கம்பு ரொட்டி கேட்கப் போன ரமாபாய்க்கு வாய் எழவில்லை; அழுகைதான் வந்தது. ரொட்டி கிடைத்தது. ஆனால் அதை உண்ணும் நிலையில் தாய் இல்லை. சில மாதங்களில் மூத்த சகோதரியும் போய்ச் சேர்ந்தார்.

எஞ்சிய அண்ணனும் தங்கையும் இந்தியாவின் குறுக்காக நடந்து 1878 இல் கல்கத்தாவை அடைந்தார்கள். அந்த இளம்பெண்ணின் சமஸ்கிருதப் புலமையைக் கண்டு வியந்த அறிஞர்கள் ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்று பட்டங்கள் அளித்தார்கள். அந்தப் புலமையின் அடித்தளம் தாய் விடியற்காலையில் சொல்லிக் கொடுத்த பாடம். 1880 இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டு ரமாபாய் சாதி கடந்து வங்காள வழக்கறிஞர் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்தார். 1881 இல் மகள் மனோரமா பிறந்தாள். அடுத்த ஆண்டே வாந்திபேதியில் கணவரும் மறைந்தார். இருபத்து மூன்று வயதில் கைக்குழந்தையோடு விதவை.

கணவர் வீட்டில் இருந்தபோதே வங்காள மொழியில் லூக்கா நற்செய்தி அவர் கையில் கிடைத்திருந்தது. 1883 இல் இங்கிலாந்து சென்றார். அங்கே சமூகம் ஒதுக்கிய பெண்களுக்காக அருட்சகோதரிகள் நடத்திய இல்லத்தைப் பார்த்தார். சமாரியப் பெண்ணோடு இயேசு பேசிய வரலாற்றைப் படித்தார். பெண்ணைத் தள்ளிவிடாத ஒரு கடவுளை அதில் கண்டார். அவ்வாண்டு செப்டம்பர் 29 ஆம் திகதி அவரும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இறுதிவரை இந்து பக்தையாகவே வாழ்ந்து மறைந்த தாயை இந்த முடிவு மறுதலித்தது என்று தோன்றலாம். ரமாபாய் அப்படி நடந்துகொள்ளவில்லை. கிறிஸ்தவரான பிறகும் மரக்கறி உணவையே உண்டார். திருச்சபையினர் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்கவில்லை. வேதத்தைத் தானே படித்து, கேள்வி கேட்டு, மனம் ஒப்பியதையே ஏற்றார். மறைநூலைப் பெண் நேரடியாகப் படிக்கலாம் என்பது அவர் தாயின் மடியில் கற்ற பாடம். 1887 இல் உயர்சாதி இந்துப் பெண்களின் நிலை குறித்து ஆங்கிலத்தில் எழுதிய நூலைத் தாயின் நினைவுக்கே காணிக்கையாக்கினார்.

1889 இல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதனைத் தொடங்கினார். பின்னர் அது பூனாவுக்கு மாறியது. அவருடைய ஜெபத்தில் மாணவிகள் கலந்துகொள்வதைக் காரணம் காட்டி 1893 இல் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பல பெற்றோர் பிள்ளைகளை அழைத்துச் சென்றார்கள். மதமாற்றம் நடந்ததா என்ற அந்த வாதம் அவரது வாழ்க்கையைக் கடைசிவரை தொடர்ந்தது. அதை மறைத்து அவர் கதையைச் சொல்ல முடியாது.

1896-97 இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் பரவியது. செய்தி கேட்டதும் ரமாபாய் புறப்பட்டார். எலும்பும் தோலுமாக நின்ற பெண்களிடத்தில் தன் குடும்பத்தைக் கண்டார். ஏறத்தாழ 300 பெண்களையும் சிறுமிகளையும் அழைத்து வந்தார். பூனாவுக்கு அருகே கேட்காவில் முக்தி சதன் உருவானது. 1900 அளவில் குஜராத் பஞ்சத்தில் தப்பியவர்களும் சேர, அங்கிருந்தோர் தொகை 2000 ஐ எட்டியது. அவர்கள் படித்தார்கள்; நெசவு நெய்தார்கள்; அச்சகம் நடத்தினார்கள். பார்வையற்ற பெண்களுக்கு பிரெயில் கற்பித்தவர் மகள் மனோரமா.

வாழ்வின் கடைசி ஆண்டுகளில் ரமாபாய் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, பைபிளை எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார். அதிகம் படிக்காத பெண்ணும் தானே வாசிக்க வேண்டும் என்பதே நோக்கம். தடுக்கப்பட்ட மொழியைக் கற்று அதை மகளுக்குக் கொடுத்தவர் லக்ஷ்மிபாய். அதே வேலையை மகள் ஆயிரக்கணக்கான பெண்களுக்காகச் செய்தார்.

1921 ஜூலையில் மனோரமா தாய்க்கு முன்னரே காலமானார். மொழிபெயர்ப்பை முடித்த பின் 1922 ஏப்ரல் 5 ஆம் திகதி ரமாபாயும் கண் மூடினார். முக்தி இல்லம் கேட்காவில் இன்றும் இயங்குகிறது.

தாய்க்கு ஒழுங்காக இறுதிக்கிரியை செய்ய முடியவில்லையே என்ற பாரத்தோடு வாழும் பலரை எங்கள் லயங்களிலும் மீள்குடியேற்றக் கிராமங்களிலும் காணலாம். பசித்த தாய்க்கு நேரத்தில் உணவு கொடுக்க முடியாமற்போன ரமாபாய், பசித்து வந்த பெண்களுக்குச் சோறும் எழுத்தும் கொடுத்தார். லக்ஷ்மிபாயின் பெயர் அழியாமல் இருப்பது அதனால்தான்.