அளவை மறவாத மருத்துவர்

பழனி மலைப் பகுதியில் கஞ்சாவுடன் பிடிபட்டோர் பற்றிய செய்தியைப் படிக்கும்போதெல்லாம், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையும், அப்பாதை அமைவதற்கு முன்பே மறைந்துவிட்ட ஒரு மருத்துவரும் என் நினைவுக்கு வருகின்றனர். அவர் வில்லியம் புரூக் ஓஷானசி.

அயர்லாந்தின் லிமெரிக் நகரில் பிறந்த அவர், 1829-இல் எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்றார். காலரா நோயாளிகளின் ரத்தம் நீரையும் உப்பையும் இழப்பதைக் கண்டறிந்து, இன்றைய உப்புநீர்ச் சிகிச்சைக்கு வழிகாட்டினார். 1833-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சேர்ந்து, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார்.

இந்நாட்டு மருத்துவ மரபு நன்கறிந்திருந்த கஞ்சாவை அவர் இகழவுமில்லை, கண்மூடி ஏற்கவுமில்லை. முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பின்னரே நோயாளிகளுக்கு அளந்து கொடுத்தார். ரணஜன்னியின் தசை இறுக்கமும் குழந்தையின் வலிப்பும் தணிந்ததைப் பதிவு செய்தார். வெறிநாய்க்கடி நோயாளியின் துன்பத்தை மட்டுமே அது குறைத்தது, உயிரைக் காக்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. தொடர்ந்து உட்கொள்வோருக்கு நேரும் மனமயக்கத்தையும் எழுதிவைத்தார். 1839-இல் வெளியான அந்த ஆய்வே மேலை மருத்துவத்திற்குக் கஞ்சாவை அறிமுகப்படுத்தியது. பின்னர் அவர் தந்திப் பணிக்குத் திரும்பினார். 1855-இல் கல்கத்தாவையும் மதராஸையும் இணைத்த தந்தித் தடம் அவருடைய உழைப்பின் பயன். 1889-இல் இங்கிலாந்தில் காலமானார்.

கஞ்சாவை மருந்தாக அனுமதிப்பது பற்றி இன்று பல நாடுகள் விவாதிக்கின்றன. நம் நாட்டிலும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் மருத்துவ, அறிவியல் பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. ஆனால் மருந்தாக உண்டவரும் வாகனம் ஓட்டுவார் அல்லவா? மதுவுக்கு நம் மோட்டார் வாகனச் சட்டம் 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராம் என எல்லை வகுத்திருக்கிறது. பிற போதைப் பொருள்களுக்கு அத்தகைய எண் இல்லை. வாகனத்தைக் கட்டுப்படுத்த இயலாத நிலை என்று மட்டுமே கூறுகிறது.

எண் வகுப்பதும் எளிதன்று. கஞ்சாவின் வேதிப்பொருள் கொழுப்பில் தங்குவது. புகைத்தவரின் ரத்தத்தில் அதன் அளவு விரைவில் குறைந்தாலும் தடுமாற்றம் சில மணி நேரம் நீடிக்கும். மாறாக, நாள்தோறும் பயன்படுத்துபவரின் ரத்தத்தில், தெளிந்த பின்னரும் அது தென்படலாம். எனவே ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. ஓட்டுநரின் கவனத்தையும் உடற்சமநிலையையும் சோதிக்கப் பயிற்சி பெற்ற காவலர்கள் வேண்டும். மருந்து எழுதித் தருபவர், எத்தனை மணி நேரம் வாகனம் ஓட்டலாகாது என்பதையும் எழுதித் தர வேண்டும்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: மருந்தின் பயன் உண்டவருக்கு, கொண்டை ஊசி வளைவில் அவர் செய்யும் பிழையின் விலையோ எதிரே வரும் பேருந்தில் இருப்பவர்களுக்கு. கஞ்சாவின் நன்மையையும் தீமையையும் ஒரே ஏட்டில் எழுதிய ஓஷானசியின் நேர்மை, அதனை மருந்தாக்கப் புறப்படும் நமக்கும் வேண்டும்.