ஆபத்து ஆழத்தில் இல்லை, மேலே வரும் வேகத்தில்! டைவர்களின் உயிர் காத்த ஹால்டேன் யார்?

புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஸ்கூபா டைவிங் போனவர்களுக்கு இரண்டு விஷயம் நல்லா நினைவிருக்கும். ஒன்று, மேலே வரும்போது அவசரப்படக் கூடாது. இரண்டு, டைவ் முடிச்ச கையோடு விமானம் ஏறக் கூடாது. ஞாயிறு காலை டைவ், சாயங்காலம் ஃபிளைட், திங்கள் காலை ஆபீஸ் என்று பிளான் போட்டவர்களுக்கு இது எரிச்சலாகக்கூட இருந்திருக்கும்.

ஆனால் இந்த இரண்டு விதிகளும் சும்மா வந்ததில்லை. இவற்றின் வேர், நூறு வருஷங்களுக்கு முன் ஒரு இரும்பு அறை, ஒரு மந்தை ஆடுகள், ஒரு பிடிவாதக்கார விஞ்ஞானி ஆகியோரிடம் இருக்கிறது. அந்த விஞ்ஞானி பெயர் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

யார் இவர்?

1860இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர். 1884இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆனால் கிளினிக் வைத்து உட்காரவில்லை. அவருக்கு ஆர்வமெல்லாம் மனிதர்கள் சுவாசிக்கும் காற்றின் மேல்தான். டண்டீ நகரத்தில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த வீடுகளில் காற்று எப்படி இருக்கிறது என்று நேரில் போய் அளந்தார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வைத் தொடர்ந்தார்.

நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்துகளில் இறந்தவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது வெடிப்பு இல்லை, அதற்குப் பின் பரவிய கார்பன் மோனாக்சைடு வாயு என்று 1896இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தவரும் இவர்தான். அந்த வாயு உடம்பை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள, தானே அதைச் சுவாசித்துப் பார்த்தார். சுரங்கத்தில் எச்சரிக்கை மணியாகச் சிறு பறவைகளைக் கொண்டுபோகும் யோசனையும் இவருடையதே.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

சோடா பாட்டிலைப் பட்டென்று திறந்தால் என்ன ஆகும்? நுரை பொங்கும். மெதுவாகத் திறந்தால்? பெரிசா ஒண்ணும் ஆகாது. டைவருடைய உடம்பிலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் தசையிலும் கரையும். கீழே இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வேகமாக மேலே வந்தால் அது குமிழிகளாக வெளியே வரும். மூட்டுவலி, மரத்துப்போதல், பக்கவாதம், சில சமயம் மரணம். இதைத்தான் டீகம்ப்ரஷன் நோய், டைவர்கள் பாஷையில் பெண்ட்ஸ், என்கிறார்கள்.

ஆற்றுக்கடியில் அழுத்தக் காற்று அறைகளில் பாலத்துக்கு அஸ்திவாரம் போட்டவர்களையும் இது விடவில்லை. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872இல் இதனால் முடங்கிப்போனார். நைட்ரஜன் குமிழிதான் காரணம் என்று பிரான்ஸின் பால் பெர் 1878லேயே சொல்லிவிட்டார். ஆனால் எவ்வளவு மெதுவாக வரணும்? அதற்குத் தெளிவான பதில் யாரிடமும் இல்லை.

ஆடுகள் கொடுத்த பதில்

1905இல் பிரிட்டிஷ் கடற்படை இந்தக் கேள்வியை ஹால்டேனிடம் கொடுத்தது. லண்டனில் லிஸ்டர் ஆய்வு நிறுவனத்தின் இரும்பு அழுத்த அறையில் வெள்ளாடுகளை வைத்துச் சோதித்தார். பாதிப்பு வந்த ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். சில ஆடுகள் செத்தும்போயின. இன்று நாம் பத்திரமாக மேலே வருவதற்கு அவை கொடுத்த விலை அது.

கிடைத்த கணக்கு எளிமையானது. அழுத்தம் பாதியாகும்வரை ஓரளவு வேகமாகவே வரலாம். அதற்குப் பிறகு நிறுத்தி நிறுத்தி வரணும். உதாரணமாக, 30 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் 4 வளிமண்டலம். பாதி என்றால் 2. அதாவது 10 மீட்டர் ஆழம். அங்கே நின்று, நைட்ரஜன் மூச்சு வழியாக வெளியேற நேரம் கொடுத்து, படிப்படியாக மேலே வரணும். கடைசி சில மீட்டர்கள்தான் ரொம்பக் கவனம் தேவைப்படும் இடம்.

1906இல் ஸ்காட்லாந்துக் கடலில் டேமன்ட், கேட்டோ என்ற இரண்டு கடற்படையினர் இந்த முறையில் 64 மீட்டர் ஆழம் போய்த் திரும்பினார்கள். ஹால்டேனின் 13 வயது மகன் ஜாக்கும் அந்தப் பயணத்தில் இறங்கினான். சூட் தொளதொளவென்று இருந்ததால் உள்ளே தண்ணீர் புகுந்தது. இன்றைக்கு எந்த அப்பாவும் இதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

1908இல் அட்டவணைகள் வெளியாயின. கடற்படை அவற்றை ஏற்றுக்கொண்டது. முதல் உலகப் போரில் அயர்லாந்து அருகே மூழ்கிய லாரென்டிக் கப்பலிலிருந்து டேமன்ட் குழு 1917 முதல் 1924 வரை 3,000க்கும் மேற்பட்ட தங்கக் கட்டிகளை மீட்டது. ஆயிரக்கணக்கான டைவ்கள். உயிரிழப்பு இல்லை.

மலைக்கும் இதே கணக்கா?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,500 மீட்டர் உயரம் போனால் காற்றழுத்தம் பாதியாகிவிடும். அதே பாதிக் கணக்கு! இரண்டாம் உலகப் போரில் அழுத்த வசதி இல்லாத விமானங்களில் ரொம்ப உயரம் பறந்தவர்களுக்கு மூட்டுவலி வந்ததும் இதனால்தான்.

ஆனால் லே, லடாக் போனால் வரும் தலைவலி வேறு. அது ஆக்ஸிஜன் குறைவால் வருவது. அதையும் ஹால்டேன் விடவில்லை. 1911இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் சிகரத்தில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், வாரக்கணக்கில் தங்கி, உடம்பு எப்படிப் பழகிக்கொள்கிறது என்று ஆராய்ந்தார். காரணம் வேறானாலும் பாடம் ஒன்றுதான்: உடம்புக்கு நேரம் கொடுங்க.

கடைசி வரை காற்று

1915இல் ஜெர்மனி குளோரின் வாயுவை ஏவியபோது போர்முனைக்கே போய் ஆராய்ந்தார். 1936இல் ஈரான், ஈராக் பகுதிகளில் வெப்பத்தாக்கு பற்றி ஆராய்ந்து திரும்பியவர், நிமோனியாவால் இறந்தார். சிறுவன் ஜாக்தான் பிற்பாடு புகழ்பெற்ற மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957இல் இந்தியா வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில் காலமானார்.

நமக்கு என்ன?

ஹால்டேனின் கணக்கு முழுக்கச் சரியில்லை. நீண்ட, ஆழமான டைவ்களுக்கு அது போதவில்லை என்று பின்னால் தெரிந்து திருத்தினார்கள். ஆனாலும் இன்று டைவர் மணிக்கட்டில் இருக்கும் கம்ப்யூட்டர்களில் பலவும் அவர் போட்ட அஸ்திவாரத்தில்தான் இயங்குகின்றன.

அதனால் அடுத்த டைவில் இதை மறக்காதீங்க. மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வராதீர்கள்; அது நுரையீரலையே கிழிக்கலாம். 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நில்லுங்கள். பல டைவ் போட்டிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் விமானம் வேண்டாம். டைவுக்குப் பின் மூட்டுவலி, மரத்துப்போதல் வந்தால், தூங்கினா சரியாயிடும் என்று விடாமல், ஆக்ஸிஜனும் அழுத்த அறைச் சிகிச்சையும் கிடைக்கும் இடத்துக்கு உடனே போங்கள்.

திங்கள் காலை ஆபீஸ் ஒரு நாள் லேட்டானால் ஒன்றும் ஆகாது.