அளந்து தந்த உறக்கம்

உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் வாழும் உழவர் ஒருவருக்கு இரைப்பையில் புண் என்ற ஐயம் தோன்றியது எனக் கொள்வோம். அவர் காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ செல்கிறார். மருத்துவர் மெல்லிய குழாய் ஒன்றை வாய்வழியே செலுத்தி வயிற்றின் உட்புறத்தைக் காண்கிறார். எண்டோஸ்கோபி என்னும் இச்சோதனைக்கு மிடசோலம், பென்டனைல் ஆகிய இரு மருந்துகளைச் சேர்த்துத் தருவதுண்டு. ஒன்று அச்சம் தணித்து உறக்கம் தரும். மற்றொன்று வலியை அடக்கும். இரண்டும் கூடும்போது ஒவ்வொன்றிலும் குறைந்த அளவே போதும். ஆயினும் மூச்சைத் தளர்த்தும் ஆற்றலும் கூடிவிடுமாதலின், அருகிருந்து காத்தல் வேண்டும். புரொபோபால் என்னும் மருந்தோ, நிறுத்திய சில நிமிடங்களில் விழிப்பைத் தரும். உழவர் அன்று மாலையே ஊர் திரும்பலாம். வண்டி ஓட்டுதல் மட்டும் ஆகாது.

எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு உறக்கம், எப்போது விழிப்பு என்னும் இக்கணக்கை முறையாக ஆராய்ந்த முன்னோடி ஜான் சுனோ ஆவார்.

இவர் 1813 ஆம் ஆண்டு மார்ச்சு 15 ஆம் நாள் இங்கிலாந்தில் யார்க்கு நகரில், ஏழைத் தொழிலாளி ஒருவரின் மூத்த மகனாய்ப் பிறந்தார். பதினான்காம் வயதில் நியூகாசில் நகர மருத்துவர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். 1836 இல் இலண்டன் சென்று கற்று, 1844 இல் மருத்துவப் பேரறிஞர் பட்டம் பெற்றார். இளமையிலேயே புலாலும் மதுவும் விலக்கிய இவர், மிகுதியாகப் பேசாதவர்.

அந்நாளில் அறுவை என்றாலே அலறல்தான். நோயாளியைப் பலர் பிடித்து அழுத்திக்கொள்ள, மருத்துவர் கத்தியை எடுப்பார். 1846 அக்டோபர் 16 இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கிக் காட்டினார். அவ்வாண்டு முடிவதற்குள் அச்செய்தி இலண்டனை எட்டியது. ஆனால் அங்கே சிலர் மயங்கவில்லை. சிலர் அளவுக்கு மீறி மயங்கினர். சுனோவின் எண்ணம் காற்றின் வெப்பத்தின்மேல் சென்றது. வெப்பம் மிகுந்தால் ஈதர் மிகுதியாக ஆவியாகும்; குளிர்ந்தால் குறையும். எந்த வெப்பநிலையில் எவ்வளவு ஆவி என்று அட்டவணை வகுத்தார். நீருள் வைத்து வெப்பத்தை ஒரே நிலையில் காக்கும் கருவியும் அமைத்தார். மயக்கத்தின் ஐந்து படிகளை விளக்கி 1847 இல் நூல் எழுதினார்.

அவ்வாண்டின் இறுதியில் சிம்சன் என்பவர் குளோரோபாரத்தைக் கண்டு பரப்பினார். துணியில் சில துளி ஊற்றி முகர்ந்தால் போதும். கருவி எதற்கு என்று பலர் கருதினர். 1848 சனவரியில், கால்விரல் நகம் ஒன்றை எடுப்பதற்காக மயக்கப்பட்ட ஹன்னா கிரீனர் என்னும் பதினைந்து வயதுச் சிறுமி சில நிமிடங்களில் இறந்தாள். நகத்துக்காக ஓர் உயிர்! துணியில் ஊற்றினால் எவ்வளவு ஆவி உட்செல்கிறது என்பதை எவர் அறிவார் என்று சுனோ வினவினார். காற்றில் நூற்றுக்கு நான்கைந்து பங்குக்கு மேல் குளோரோபாரம் கலத்தல் ஆகாது என்றார்.

விழிப்பு எவ்வாறு வருகிறது என்பதையும் அவர் தம் உடலிலேயே சோதித்தார். உள்ளே சென்ற ஆவி மாறாமல் மூச்சுடன் வெளியேறுகிறது. வெளிவிட்ட மூச்சையே மீண்டும் உட்கொள்ளச் செய்தால் மயக்கம் நீளுகிறது. ஆகவே, மருந்து உடலை விட்டு நீங்கும் விரைவே விழிப்பின் விரைவு எனக் கண்டார்.

1853 ஏப்ரல் 7 இல் விக்டோரியா அரசியாரின் மகப்பேற்றுக்குச் சுனோ அழைக்கப்பட்டார். கைக்குட்டையில் சிறிது சிறிதாய் மருந்தை இட்டு, 53 நிமிடம் முகரச் செய்தார். துணியைக் கண்டித்தவரே துணியை எடுத்தாரே எனலாம். ஆனால் இட்ட ஒவ்வொரு துளிக்கும் கணக்கு இருந்தது. அரசியார் முற்றிலும் உணர்விழக்கவில்லை. வலி மட்டும் தணிந்தது. நம் உழவர் குழாய்ச் சோதனையில் பெறும் அரைத்துயிலும் ஏறக்குறைய இத்தகையதே.

மறு ஆண்டு இலண்டனில் காலரா பரவியபோது, அது நீரால் பரவுகிறது என்று காட்டி, பிராட் தெருக் குழாயின் கைப்பிடியை அகற்றச் செய்தவரும் இவரே. உலகம் இவரை அதற்காகவே மிகுதியும் அறியும்.

சுனோ மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின், ஐதராபாத்தில் நிசாமின் பொருளுதவியுடன் லாரி என்னும் மருத்துவர் தலைமையில் குளோரோபாரம் ஆராயப்பட்டது. மூச்சைக் கவனித்தால் போதும். இதயத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று 1888, 1889 ஆம் ஆண்டுகளில் அக்குழுவினர் முடிவு செய்தனர். 1911 இல் லெவி என்பார், இம்மருந்தால் இதயமே திடீரென நிலைகுலையக்கூடும் என நிறுவினார். இதயத்தைப் பற்றிச் சுனோ கொண்ட அச்சம் வீணன்று.

குளோரோபாரம் பற்றிய பெருநூலை எழுதிக்கொண்டிருந்தபோது, 1858 சூன் 10 ஆம் நாள் பக்கவாதம் சுனோவைத் தாக்கியது. 16 ஆம் நாள், தமது 45 ஆம் அகவையில் உயிர் நீத்தார். நண்பர் ரிச்சர்ட்சன் அவ்வாண்டிலேயே அந்நூலை அச்சிட்டு வெளியிட்டார்.